இடுப்பு வலிக்கும் குண்டு நாய்: வடசென்னை வீடுகளிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

வியாசர்பாடி பக்கம் கிளினிக் வைத்து நாய், பூனை பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரம்பூர், கொடுங்கையூர், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வரைக்கும் உள்ளவர்கள் வருகிறார்கள். அவர்களில் பலர் வாசலில் நுழையும்போதே சொல்வது இது: "பின்னங்காலை இழுக்குது டாக்டர், ஒரு ஊசி போட்டு அனுப்புங்க." நாயை மேசையில் ஏற்ற மூன்று பேர் வேண்டியிருக்கும். வலி இடுப்பு மூட்டில் இருக்கும், ஆனால் வைத்தியத்தைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். இதை ஐந்து நிமிடத்தில் சொல்லிப் புரியவைக்க முடிவதில்லை. வெளியே இன்னும் பத்துப் பேர் காத்திருப்பார்கள். அதனால் அடிக்கடி கேட்கிற கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் நாய்க்கு இடுப்பில்தான் பிரச்சினை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

படுத்து எழுந்திருக்கும்போது பாருங்கள். முன்னங்காலை ஊன்றி, உடம்பை முன்னால் இழுத்து, பின்பக்கத்தைக் கடைசியாகத் தூக்குகிறதா? எழுந்த முதல் பத்தடி விறைப்பாக நடந்து, அப்புறம் கொஞ்சம் சரியாகிறதா? ஓடும்போது இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து வைத்து முயல் மாதிரி குதிக்கிறதா? சோபாவில் ஏறிக்கொண்டிருந்த நாய் இப்போது தரையிலேயே படுத்துக்கொள்கிறதா? தொடைச் சதை வற்றி, மார்பும் தோளும் மட்டும் பெருத்துக்கொண்டே போகிறதா? பின்னங்காலில் போட வேண்டிய பாரத்தை முன்னங்கால்களுக்கு மாற்றிக்கொள்வதால்தான் உடம்பு அப்படி ஆகிறது.

"கத்தவே இல்லையே, அப்போ வலி இல்லைதானே?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நாள்பட்ட மூட்டு வலிக்கு நாய் பெரும்பாலும் கத்தாது. அது செய்து வந்த வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொள்ளும். வாசல் மணி அடித்தால் முதலில் ஓடி வந்த நாய், இப்போது படுத்த இடத்திலிருந்தே வாலை மட்டும் ஆட்டுகிறது என்றால் அதை வயது என்று விட்டுவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நேற்று வரை நடந்த நாய் இன்று திடீரென்று பின்பக்கம் மொத்தமாகச் செயலிழந்து கிடந்தால், பாதம் மடங்கித் தரையில் தேய்ந்தால், சிறுநீர் தன்னையறியாமல் போனால், அது முதுகுத்தண்டு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும்.

இடுப்பு மூட்டில் அப்படி என்னதான் ஆகிறது?

இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம் மாதிரி குழி இருக்கிறது. தொடை எலும்பின் மேல்முனை உருண்டையாக அதில் உட்கார்ந்து சுழல வேண்டும். சில நாய்களுக்கு வளரும் வயதிலேயே இந்தப் பிடிப்பு தளர்ந்துவிடும். உருண்டை குழிக்குள் ஆடும், பாதி வெளியே நிற்கும். இதைத்தான் ஹிப் டிஸ்பிளேசியா என்கிறோம். ஆட ஆடக் குருத்தெலும்பு தேய்கிறது, உள்ளே வீக்கம் வருகிறது, ஓரங்களில் புது எலும்பு முளைக்கிறது. அந்தக் கட்டத்துக்கு மூட்டுத் தேய்மானம் என்று பெயர். தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது. வலியைக் குறைக்க முடியும், தேய்கிற வேகத்தைக் குறைக்க முடியும், நாயை நன்றாக நடமாட வைக்க முடியும்.

இது பரம்பரையாக வருவது. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர், செயின்ட் பெர்னார்ட் ஆகியவற்றுக்கு அதிகம். சின்ன இனங்களில் பக்குக்கும் புல்டாகுக்கும் வரும். நாட்டு நாய்க்கு வராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெரு நாய்களில் நான் பார்க்கும் இடுப்புக் கோளாறு பெரும்பாலும் வண்டி அடிபட்டு மூட்டு விலகியது.

எங்கள் கண்ணுக்கு நாய் நன்றாகத்தானே இருக்கிறது. குண்டா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது?

கையை வைத்துப் பாருங்கள். உங்கள் கையை மேசையில் குப்புற விரித்து, புறங்கையில் விரல் எலும்புகளைத் தடவுங்கள். மெல்லிய தோலுக்கு அடியில் எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். நாயின் விலா எலும்பு அப்படித் தட்டுப்பட்டால் எடை சரி. கையை மடக்கி முஷ்டியின் முட்டிகளைத் தடவிப் பார்ப்பது போலக் குத்தினால் நாய் மெலிவு. கையைத் திருப்பி உள்ளங்கையைத் தடவுவது போல மெத்தென்று இருந்து, அழுத்தித் தேடினால்தான் எலும்பு கிடைக்கிறது என்றால் எடை கூடிவிட்டது. மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்வாங்க வேண்டும். பக்கவாட்டில் வயிறு மேலே ஏற வேண்டும்.

நாங்கள் 9 புள்ளி அளவில் மதிப்பிடுவோம். 4 அல்லது 5 சரியான உடம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளியும் சுமார் 10 முதல் 15 சதவீதம் அதிக எடை. இங்கே வரும் லாப்ரடார்களில் (லேப் என்போம்) 7, 8 சர்வசாதாரணம். பக்கத்து வீட்டு லேபும் அப்படியே இருப்பதால், அதுதான் லேபின் இயல்பான உடம்பு என்று கண் பழகிவிடுகிறது.

எடை போடுவதற்கு மாதம் ஒரு தடவை கிளினிக்குக்கு வாருங்கள், அதற்குக் காசு வாங்குவதில்லை. வர முடியாதவர்கள் தெருமுனைக் காயலான் கடையில் உள்ள தட்டுத் தராசில் ஏற்றலாம். கொடுங்கையூரிலிருந்து வருகிற ஒரு தம்பி மாதாமாதம் அப்படித்தான் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறார். எப்போதும் ஒரே தராசில் போடுவதுதான் முக்கியம்.

எடைக்கும் இடுப்புக்கும் உண்மையிலேயே அவ்வளவு தொடர்பா?

அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரே ஈற்றில் பிறந்தவற்றை ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு வழக்கமான சாப்பாடு, அதன் ஜோடிக்கு அதே சாப்பாடு 25 சதவீதம் குறைவாக. குட்டியிலிருந்து சாகும்வரை இப்படியே. ஆயுள் பற்றிய முடிவு 2002-ல் வெளியானது. குறைவாகச் சாப்பிட்ட நாய்களின் நடுத்தர ஆயுள், அதாவது பாதி நாய்கள் எட்டிய வயது, 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2 வருடம். இடுப்பு பற்றிய முடிவு 2006-ல் வந்தது. பாதி நாய்களுக்கு இடுப்பு எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்துவிட்ட வயது நிறையச் சாப்பிட்டவற்றுக்கு 6, அளவாகச் சாப்பிட்டவற்றுக்கு 12. தாய் தந்தை ஒன்று, தட்டில் விழுந்த அளவு மட்டும்தான் வேறு. இத்தனை வருடத் தொழிலில் என் பேச்சையே மாற்றிய தகவல் இது.

ஏற்கெனவே தேய்ந்துபோன நாய்க்கும் பலன் உண்டு. குண்டாகவும் மூட்டு வலியோடும் இருந்த நாய்களைக் கவனித்தபோது, உடல் எடையில் சுமார் 6 சதவீதம் இறங்கியதுமே நொண்டல் குறைந்திருக்கிறது. 42 கிலோ நாய்க்கு அது இரண்டரை கிலோ. எட்ட முடியாத இலக்கு இல்லை.

பாரம் குறைவது ஒரு காரணம். இன்னொன்று, கொழுப்பு சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் மூட்டை கிடையாது. வீக்கத்தைத் தூண்டும் பொருள்களை அது ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கொழுப்பு குறைந்தால் மூட்டுக்குள் எரிச்சலும் குறையும்.

அப்படியென்றால் எவ்வளவு சாப்பாடு கொடுப்பது?

ஒரு கணக்கு சொல்கிறேன். 30 கிலோ இருக்க வேண்டிய லேப் இப்போது 42 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கை 42-க்குப் போடக் கூடாது, 30-க்குப் போட வேண்டும். 30 கிலோ நாய் சும்மா படுத்திருக்கத் தேவையான சக்தி ஒரு நாளைக்குச் சுமார் 900 கலோரி. எடை குறைப்பை ஏறக்குறைய அந்த அளவிலிருந்துதான் தொடங்குவோம்.

இந்த 900 நம் வீட்டு அளவில் எவ்வளவு தெரியுமா? ஒரு கப் வெள்ளைச் சோறு சுமார் 200 கலோரி. நாலரைக் கப் சோற்றிலேயே நாள் கணக்கு முடிந்துவிடுகிறது. கறி, முட்டை, பால், பிஸ்கட் எதுவும் இன்னும் வரவே இல்லை. ஒரு மாரி பிஸ்கட் ஏறக்குறைய 25 கலோரி. நாளைக்குப் பத்து கொடுத்தால் அதுவே கால் பங்குக்கு மேல். டீக்கடை பொறையும் அதே வகைதான்.

சரி, தட்டில் என்ன வைப்பது? தோல் உரித்த கோழிக்கறி, வேகவைத்த முட்டை, சுரைக்காய், பூசணி, பீன்ஸ், கேரட் ஆகியவற்றைக் கூட்டுங்கள், சோற்றைக் குறைத்து ஒரு கப்புக்குள் கொண்டுவாருங்கள். கறியை எண்ணெய், உப்பு, மசாலா இல்லாமல் வேகவையுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், ஆகவே குழம்பு ஊற்றிப் பிசைகிற பழக்கத்தை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் மிஞ்சுகிற எலும்பு வேண்டவே வேண்டாம். வெந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். காய்கறி வயிற்றை நிரப்பும், கலோரி கொஞ்சம்தான். பசியால் நச்சரிக்கிற நாய்க்கு அது பெரிய உதவி.

ஒரு எச்சரிக்கை. இப்போது கொடுப்பதை அப்படியே பாதியாக வெட்டி மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். கலோரியோடு சேர்ந்து புரதமும் தாதுக்களும் பாதியாகும், சதை கரையும். இடுப்பைத் தாங்கிப் பிடிப்பதே தொடைச் சதைதான். வீட்டுச் சாப்பாடு என்றால் அதற்கு ஏற்ற வைட்டமின், தாது அளவை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். எடை குறைப்புக்கென்றே வரும் உலர் தீவனம் வாங்க வசதி இருந்தால் அது எளிது. அதையும் குத்துமதிப்பாகக் கையால் அள்ளிப் போடாமல் சமையல் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

வாரத்துக்கு 1 முதல் 2 சதவீதம் குறைந்தால் போதும். 42 கிலோவுக்கு அது 400 முதல் 800 கிராம். அரை வருடத்துக்கு மேல்கூடப் பிடிக்கலாம். அவசரப்பட்டுப் பட்டினி போடாதீர்கள்.

நான் அளவாகத்தான் போடுகிறேன். வீட்டில் மற்றவர்கள் கேட்பதில்லையே?

எடை குறைப்பு தோற்றுப்போகிற இடம் பெரும்பாலும் இதுதான். தண்டையார்பேட்டையில் ஒரு கூட்டுக் குடும்பம், ஒன்பது பேர். பிரவுனி என்று ஒரு லேப். மூன்று மாதம் எடை துளிகூட இறங்கவில்லை. மருமகள் கண்ணீர் விடாத குறையாகச் சொன்னார்: "ரெண்டு வேளைதான் டாக்டர் போடறேன், அதுவும் அளந்து." அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒரு வாரம் எல்லோரும் வந்து போகும் சமையலறைக் கதவில் தாளை ஒட்டி, யார் என்ன கொடுத்தாலும் எழுதச் சொன்னேன். தாத்தா காலை டீயோடு நான்கு பிஸ்கட். பாட்டி பூஜை முடித்து ஒரு உருண்டை சர்க்கரைப் பொங்கல். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் டிபன் பாக்ஸில் மிச்சம். இரவு கடைசியாகச் சாப்பிடுகிற அண்ணன் தட்டிலிருந்து ஒரு பிடி. பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாக ஒரு தோசை. அவரவர் கணக்கில் அது "கொஞ்சம்தான்". கூட்டிப் பார்த்தால் இன்னொரு முழு நாள் சாப்பாடு.

பாட்டியிடம் கொடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, சொன்னாலும் நடக்காது. அதனால் காலையில் மருமகள் அன்றைய நாளின் சாப்பாட்டை அளக்கும்போதே, அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து மூடி போட்ட டப்பாவில் பாட்டி பக்கத்தில் வைத்துவிட ஏற்பாடு செய்தோம். கேரட் துண்டு, வெந்த கோழித் துண்டு. யார் கொடுத்தாலும் அந்த டப்பாவிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைக்கு முடிந்தது. தீனியாகக் கொடுப்பது எல்லாம் சேர்ந்து நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஏழு மாதத்தில் பிரவுனி எட்டு கிலோ இறங்கினான்.

கொடுக்கிறவர்கள் எல்லோரும் பாசத்தில்தான் கொடுக்கிறார்கள். அவர்களைக் குற்றவாளி ஆக்கினால் ஒளித்துக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆட்டுக்கால் சூப் கொடுத்தால் மூட்டு பலப்படும் என்கிறார்களே?

மூட்டு அதனால் கெட்டிப்படாது. கால் சூப்பில் மிதப்பது கொழுப்பு. குண்டு நாய்க்கு அது எடையைக் கூட்டும், சிலவற்றுக்குக் கணையத்தில் வீக்கம் வந்து வாந்தியோடு தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். வெங்காயம், பூண்டு, மிளகு, உப்பு வேறு. அந்தக் காசுக்கு மத்தி மீன் வாங்குங்கள். காசிமேடு நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மத்தியில் ஒமேகா-3 கொழுப்பு நன்றாக இருக்கிறது, மூட்டு வீக்கத்தைக் கொஞ்சம் தணிக்கும். உப்பில்லாமல் வேகவைத்து, முள்ளை எடுத்து, வாரத்துக்கு இரண்டு நாள் கறிக்குப் பதிலாகக் கொடுக்கலாம். கருவாடு கூடாது, உப்பு அதிகம்.

மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா? தைலம் தடவலாமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் குரலை உயர்த்தித்தான் பதில் சொல்வேன். கொடுக்காதீர்கள். நமக்கு ஒத்துக்கொள்கிற ஐபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரே மாத்திரையில் ரத்த வாந்தி எடுத்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். வலி போகட்டும் என்று நல்ல மனதோடு கொடுத்தவர்கள் அவர்கள் எல்லோரும்.

நாய்க்கு என்று பயன்படும் மருந்துகள் இருக்கின்றன. மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென், ஃபிரோகாக்சிப் போன்றவை. எடை பார்த்து அளவு போட வேண்டும், தொடங்கும் முன் சிறுநீரகம், ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், தொடர்ந்து கொடுத்தால் சில மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, வாந்தி எடுத்தாலோ, சாப்பிட மறுத்தாலோ அன்றே நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். வேறு இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் குடலில் ஓட்டையே விழலாம். வலி மிஞ்சினால் காபாபென்டின் மாதிரி நரம்பு வழியாக வேலை செய்யும் மருந்தைச் சேர்ப்போம்.

வலி மருந்து எடை குறைப்புக்கும் துணை. வலி அடங்கினால்தான் நாய் நடக்கும், நடந்தால்தான் சதை தங்கும்.

தைலம் வேண்டாம். நாய் நக்கி விழுங்கும், கற்பூரமும் மெத்தில் சாலிசிலேட்டும் அதற்கு விஷம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை, உங்கள் முழங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, இடுப்பில் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். காலையில் எழுந்ததும் செய்தால் நல்லது.

குளுக்கோசமைன் மாத்திரை?

கெடுதல் இல்லை. பலன் பற்றிய ஆதாரம் பலவீனமானது. பணம் அளவாக இருக்கிற வீட்டில் முதலில் ரத்தப் பரிசோதனைக்கும் நல்ல சாப்பாட்டுக்கும் செலவிடச் சொல்வேன்.

எவ்வளவு நடக்க வைக்கலாம்? கடலில் நீந்த விடலாமா?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் இழுத்துக்கொண்டு போய்விட்டு, மற்ற ஆறு நாள் கட்டிப்போடுவது மூட்டுக்குக் கேடு. தினமும் பத்துப் பதினைந்து நிமிடமாக இரண்டு மூன்று தடவை, கயிற்றில், மெதுவாக. மெதுவாக நடக்கும்போது நான்கு காலையும் ஊன்றித்தான் ஆக வேண்டும். வேகமாகப் போனால் வலிக்கிற காலைத் தூக்கிக்கொண்டே சமாளித்துவிடும். பந்து எறிந்து துரத்தவைப்பது, திடீரென்று திருப்புவது, குதிக்கவைப்பது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மறுநாள் காலை நொண்டல் கூடியிருந்தால் முந்தின நாள் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

நம் வெயிலில் குண்டு நாய் சீக்கிரம் சூடேறிப்போகும். காலை ஆறரைக்குள், அல்லது இருட்டிய பிறகு. உங்கள் புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயும் நடக்கக் கூடாது.

வீட்டுக்குள்ளே செய்யக்கூடிய நல்ல பயிற்சி, உட்கார்ந்து எழுவது. கேரட் துண்டைக் காட்டி நேராக உட்காரவைத்து எழுப்புங்கள், ஐந்து தடவையில் ஆரம்பித்துப் பத்து வரை. துடைப்பக் குச்சிகளைத் தரையில் இடைவெளிவிட்டுப் போட்டு ஒவ்வொன்றாகத் தாண்டி நடக்கவைக்கலாம்.

நீச்சல் இடுப்புக்கு அருமையான பயிற்சி, நீர் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் நம் கரையில் அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் போகிற வழியில் கரை நெடுகக் கருங்கல் கொட்டியிருக்கிறது, அலையும் இழுக்கும். பலவீனமான பின்னங்காலோடு அந்தக் கற்களில் ஏற முடியாது. எண்ணூர்ப் பக்கம் ஆற்றுத் தண்ணீரும் நாயை இறக்குகிற நிலையில் இல்லை. நீச்சல் தொட்டி உள்ள செல்லப்பிராணி மையம் கைக்கு எட்டினால் அங்கே போங்கள், இல்லாவிட்டால் நடைதான்.

ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. தரை முழுக்க டைல்ஸ். என்ன செய்வது?

டைல்ஸ் தரையில் பின்னங்கால் இரண்டும் விலகி வழுக்குகிற ஒவ்வொரு தடவையும் மூட்டு இழுபடுகிறது. வீடு முழுக்கப் பாய் விரிக்க வேண்டியதில்லை. படுக்கை, தண்ணீர், தட்டு, கதவு ஆகியவற்றை இணைக்கிற பாதையில் மட்டும் ரப்பர் மிதியடி, அல்லது பழைய கோணிப்பையை விரித்து ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். பெட்ஷீட் விரித்தால் அது இன்னும் வழுக்கும். நகத்தை வெட்டுங்கள். நீண்ட நகம் உள்ள பாதம் தரையில் பிடிக்காது. படுக்கை கொஞ்சம் கெட்டியாக, தடிமனாக இருக்கட்டும். சிமென்ட் தரை குளிர்ச்சியாக இருக்கிறது என்று நாய் அங்கே போகும், மின்விசிறியைப் படுக்கைப் பக்கம் திருப்பிவையுங்கள்.

படிக்கட்டில் ஒரு பெரிய துண்டைப் பின்வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே பிடித்துக்கொண்டு இறங்குங்கள். பாரத்தில் ஒரு பகுதியை நீங்கள் தாங்குவீர்கள். ஆண் நாய்க்குக் குறியை அழுத்தாமல் துண்டைத் தொடைப் பக்கம் தள்ளிப் பிடியுங்கள். ஸ்கூட்டர் கால்வைக்கும் இடத்தில் ஏற்றி இறக்குகிறவர்கள் நாயைக் குதிக்க விடாதீர்கள், தூக்கி இறக்குங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் கீழ்த்தள வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. தெரிந்த ஒரு வீட்டில் 46 கிலோ ராட்வைலரை மாடிக்குத் தூக்க ஆளில்லாமல் கட்டில் மேல் இரவு முழுக்கப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். தன்னால் ஏற முடியாத, மற்றவர்களாலும் தூக்க முடியாத நாய்க்கு ஆபத்து நேரத்தில் வழியே இல்லை. அந்த வீட்டில் இப்போது தராசு வாங்கிவிட்டார்கள்.

எக்ஸ்ரே கட்டாயமா?

நொண்டல் எல்லாம் இடுப்பு இல்லை. குண்டு லேப்களில் முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் அறுவது ரொம்ப சகஜம், அதிலும் பின்னங்காலை இதே மாதிரிதான் இழுக்கும். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலும் மூட்டு வலியாக வரும். ஒரு நாள் இந்தக் கால், மறுநாள் அந்தக் கால் என்று மாறி நொண்டினாலோ காய்ச்சல் இருந்தாலோ முதலில் ரத்தம் பார்ப்பேன். சாப்பாட்டைக் குறைத்தும் எடை இறங்காமல், தோல் தடித்து, முடி உதிர்ந்து, சோம்பிக் கிடந்தால் தைராய்டும் பார்க்க வேண்டும்.

இடுப்பு எக்ஸ்ரேக்கு நாயை மல்லாத்தி, கால்களை நீட்டிப் பிடிக்க வேண்டும். வலியோடு இருக்கிற நாய் அதற்கு ஒத்துழைக்காது, மயக்க மருந்து தேவை. சும்மா பக்கவாட்டில் படுக்கவைத்து எடுத்த படத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. அப்புறம், எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரிகிற நாய் நன்றாக நடப்பதும், படம் சுமாராக இருந்து நாய் தவிப்பதும் உண்டு. நான் படத்தைவிட நடையைத்தான் அதிகம் நம்புகிறேன்.

ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமா?

வயதையும் எடையையும் பொறுத்தது. தொடை எலும்பின் தலையை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தசையும் நாரும் சேர்ந்து ஒரு பொய் மூட்டை உருவாக்க விடுவது ஒரு முறை. 20 கிலோவுக்குக் கீழே உள்ள நாய்களுக்கு இது நன்றாகக் கைகொடுக்கும். கனமான நாய்க்குப் பலன் உறுதியாகச் சொல்ல முடியாது, தேறுவதற்கும் மாதக்கணக்காகும். செயற்கை மூட்டு பொருத்துவது மிகச் சிறந்த தீர்வு. ஆனால் அதற்குத் தனிப் பயிற்சி பெற்ற அறுவை மருத்துவர் வேண்டும், செலவும் பெரிது. இடுப்பெலும்பை வெட்டித் திருப்பி வைக்கிற முறை தேய்மானம் தொடங்காத இளம் நாய்களுக்கு மட்டும்.

எலும்பு நிபுணரின் கருத்து வேண்டும் என்றால் வேப்பேரிக்கு அனுப்புவேன். 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. வடசென்னைக்காரர்களுக்கு எட்டும் தூரம். காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். எந்த ஆபரேஷனாக இருந்தாலும் முதலில் எடையைக் குறைத்துவிட்டு வரச் சொல்வார்கள். மயக்க மருந்தின் ஆபத்தும் குறையும், தைத்த இடமும் தாங்கும். எடை குறைந்ததும் ஆபரேஷனே தேவைப்படாமல் போன நாய்களும் உண்டு.

புதுக் குட்டி வாங்கியிருக்கிறோம். கால்சியம் டானிக் கொடுக்கலாமா?

பெரிய இனக் குட்டிக்குக் கூடாது. "எலும்பு கெட்டியாக" என்று விற்கிறவரே பாட்டிலைக் கையில் கொடுத்தனுப்புகிறார். குட்டியின் குடலுக்கு அதிகப்படி கால்சியத்தை வேண்டாம் என்று தள்ளத் தெரியாது, எலும்பு வளர்ச்சிதான் கோணலாகும். பெரிய இனக் குட்டிகளுக்கான தீவனம் சாப்பிடுகிற குட்டிக்கு மேலே எதுவும் வேண்டாம். கொழுகொழு குட்டி பார்க்க அழகு, அந்த வேகமான வளர்ச்சியில்தான் இடுப்பு கெடுகிறது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும்படியே வளருங்கள். நார்வேயில் நடந்த ஓர் ஆய்வில், பிறந்ததிலிருந்து மூன்று மாதம் வரை படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு ஹிப் டிஸ்பிளேசியா அதிகம் வந்தது தெரிந்தது. மாடி வீட்டுக்காரர்கள் அந்த வயதில் தூக்கிக்கொண்டே இறங்குங்கள். இன்னும் வாங்கவில்லை என்றால், தாய் தந்தையின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்கள்.

கருத்தடை செய்தால் குண்டாகிவிடுமாமே?

கருத்தடைக்குப் பிறகு சக்தித் தேவை குறையும், பசி கூடும். அன்றிலிருந்தே சாப்பாட்டைச் சுமார் கால் பங்கு குறைத்தால் குண்டாகாது. பெரிய இனங்களுக்கு ஒரு வயது முடிந்தபின் செய்வது மூட்டுக்கு நல்லது.

பதினொரு வயதாகிவிட்டது. இனிமேல் எடையைக் குறைத்து என்ன ஆகப்போகிறது, இஷ்டத்துக்குச் சாப்பிடட்டுமே?

இதைக் கேட்கிறவர்கள் நாயை ரொம்ப நேசிக்கிறவர்கள். ராயபுரத்தில் ராணி என்று ஒரு பெண் லேப், 39 கிலோ. சிறுநீர் கழிக்கக்கூட எழ மாட்டாமல் படுத்த இடத்திலேயே போய், தோல் புண்ணாகியிருந்தது. வீட்டு அம்மா இதே கேள்வியைத்தான் கேட்டார். ரத்தப் பரிசோதனை செய்து, வலி மருந்தைத் தொடங்கி, புரதத்தைக் குறைக்காமல் சோற்றை மட்டும் குறைத்தோம். வயதான நாய் என்பதால் மெதுவாகத்தான் போனோம். ஆறு மாதத்தில் 34 கிலோ. இடுப்பு எக்ஸ்ரேயில் முன்பு இருந்தபடியேதான் இருக்கிறது. மாத்திரையும் போகிறது, முன்பைவிடக் குறைந்த அளவில். ஆனால் காலையில் பால் பாக்கெட் போடுகிற பையன் கேட்டைத் தொட்டதும் எழுந்து, கோணிப்பைப் பாதையில் நடந்து, வாசலுக்கு வந்து நிற்கிறாள். சாக்கடை ஓரம் தானே போய் வருகிறாள். புண் ஆறிவிட்டது.

முதல் தடவை வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

நாய் எழுந்து நடப்பதை வீட்டிலேயே போனில் வீடியோ எடுத்து வாருங்கள். கிளினிக்கில் பயத்தில் பல நாய்கள் நொண்டாமல் நடந்துவிடும். ஒரு வாரம் யார் என்ன கொடுத்தார்கள் என்ற தாள், இதுவரை கொடுத்த மருந்துச் சீட்டுகள், தீவனப் பையின் போட்டோ. எக்ஸ்ரே எடுக்க நேரலாம், அதனால் காலையில் வெறும் வயிற்றில் கூட்டிவாருங்கள். தண்ணீர் மட்டும் கொடுக்கலாம்.